கொலுசுக் கடையின் காலை நெரிசலை மெமரி டேட்டாபேஸ் தாங்குமா?

தம்பி கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு, விலை பார்க்கும் செயலி எழுதியிருக்கிறார். ஜாவா. மாடல், டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி), ஜோடி எடை, கூலி என்று 2 லட்சம் வரிசை. வெளியூர்ச் சில்லறைக் கடைக்காரர்கள் 2,000 பேர் போனில் பார்க்கிறார்கள். காலையில் வெள்ளி விலை மாறியதும் எல்லோரும் ஒரே மூச்சில் திறக்கிறார்கள். அந்தப் பத்து நொடியில் நொடிக்கு 8,000 குவரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, வரும் என்பது அவர் போட்ட கணக்கு. எச்2 என்ற சின்ன டேட்டாபேஸை மெமரி மோடில் (தகவல் முழுவதையும் ரேமிலேயே வைத்து) செயலிக்குள்ளேயே ஓடவிட்டால் தாங்குமா, அதே மாதிரி இன்னொன்றான எஸ்கியூலைட்டுக்கு மாறலாமா, எதை வைத்து முடிவு செய்வது? இவ்வளவுதான் கேள்வி.

தாங்கும். ஆனால் டேபிளை இப்போது வைத்திருக்கிற லட்சணத்தில் தாங்காது. மெமரியில் வைத்ததால் மட்டும் தாங்கிவிடவும் போவதில்லை. நான் இதே ஊர்க்காரன். லீ பஜார் மண்டிக் கணக்கிலிருந்து கொலுசுப் பட்டறைக் கணக்கு வரை எழுதி, இதே குழியில் விழுந்து எழுந்தவன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அந்த 8,000-ஐப் பிரித்துப் பார்ப்போம். 2,000 கடை, பத்து நொடி என்றால் நொடிக்கு 200 பேர். ஒருவர் பட்டியலைத் திறந்ததும் உங்கள் நிரல் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாகக் கேட்டு 40 குவரி அனுப்புகிறது. 200 பெருக்கல் 40, அதுதான் 8,000. தனி சர்வராக ஓடும் டேட்டாபேஸிடம் இப்படி நாற்பது தடவை போய் வந்தால் யாரானாலும் திட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் நெட்வொர்க்கில் போய்த் திரும்ப வேண்டும். ஒரே டேட்டா சென்டருக்குள்ளேயே அது அரை மில்லிநொடியைத் தின்னும். செயலிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் டேட்டாபேஸில் அது வெறும் ஃபங்ஷன் கால். நாற்பது சின்னக் குவரி கேட்பது அங்கே குற்றமே இல்லை. எஸ்கியூலைட்டின் அதிகாரபூர்வ ஆவணமே இதைத் தயங்காமல் செய்யலாம் என்கிறது. ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் முதல் லாபம் பக்கத்திலேயே இருப்பதால் வருவது. மெமரி அதற்கு அடுத்துத்தான்.

இந்த இரண்டையும் பெரும்பாலானவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். தட்டில் (டிஸ்கில்) இருக்கும் டேட்டாபேஸ் ஃபைலை ஒருமுறை படித்ததும், ஆபரேட்டிங் சிஸ்டம் அந்தப் பக்கங்களை ரேமில் பிடித்து வைத்துக்கொள்கிறது. உங்கள் 2 லட்சம் வரிசை சில பத்து எம்பிதான் இருக்கும். காலை பத்து மணிக்கு அது முழுவதும் ஏற்கெனவே ரேமில்தான் கிடக்கும், நீங்கள் மெமரி மோட் என்று எழுதினாலும் எழுதாவிட்டாலும். படிப்பதைப் பொறுத்தவரை சூடேறிய ஃபைலுக்கும் மெமரி மோடுக்கும் வித்தியாசம் உண்டு. நீங்கள் கனவு காணும் அளவுக்கு இல்லை. பெரிய வித்தியாசம் எழுதும்போதுதான். கமிட் செய்யும்போது, அதாவது மாற்றத்தை உறுதிசெய்து முடிக்கும்போது, தட்டில் உண்மையிலேயே பதிந்ததா என்று காத்திருக்கும் வேலையை மெமரி மோட் அப்படியே விட்டுவிடுகிறது. அந்தக் காத்திருப்பு எதற்காக வைத்தது என்று பின்னால் வருகிறேன். அதனால் நீங்கள் செய்யும் முதல் ஒப்பீடு எச்2 மெமரிக்கும் எஸ்கியூலைட் மெமரிக்கும் இடையில் வேண்டாம். ஒரே டேட்டாபேஸை ஃபைலில் ஒருமுறை, மெமரியில் ஒருமுறை, இரண்டையும் நன்றாகச் சூடேற்றிவிட்டு ஓட்டுங்கள். எஸ்கியூலைட்டாக இருந்தால் படித்ததைக் கைக்கெட்டும் தூரத்தில் ரேமில் வைத்துக்கொள்ளும் அதன் சொந்த கேஷ் அளவு சும்மா விட்டால் 2 எம்பி சுமார்தான். அதைக் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள். வித்தியாசம் சொற்பம் என்றால் மெமரி மோடின் தலைவலிகளை எதற்கு விலை கொடுத்து வாங்க வேண்டும்?

அடுத்து, குவரியைக் கிட்டத்தில் பார்ப்போம். கடைக்காரர் கேட்பது இப்படி இருக்கும்: 80 டச், இந்த மாடல், ஜோடி எடை 95 முதல் 105 கிராமுக்குள் என்னென்ன இருக்கிறது? நீங்கள் அனுப்பிய டேபிள் அமைப்பில் எடைக்கு மட்டும் இண்டெக்ஸ் (வரிசைப்படுத்திய தேடல் பட்டியல்) போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் டேட்டாபேஸ் என்ன செய்யும்? 95-க்கும் 105-க்கும் இடையில் இருக்கும் எல்லா மாடலையும் எல்லா டச்சையும் எடுத்து, ஒவ்வொன்றாகப் புரட்டி, இது அந்த மாடலா, இது 80 டச்சா என்று பார்க்கும். 2 லட்சத்தில் அந்த எடைக்குள் 12,000 வரிசை விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 8,000 குவரி என்றால் 9.6 கோடி வரிசையைத் தொட வேண்டும். ரேமில் இருப்பதை எடுக்கக் காசா பணமா என்று தோன்றும். ரேமில் எங்கோ கிடக்கும் ஒன்றை ப்ராசஸர் எடுத்துவர ஏறக்குறைய 100 நானோநொடி ஆகும். 9.6 கோடியை 100 நானோநொடியால் பெருக்கினால் 9.6 நொடி. ஒரு நொடியில் முடிக்க வேண்டிய வேலை ஏறக்குறைய பத்து நொடி வேலை. அடுத்தடுத்த வரிசைகள் பக்கத்தில் இருந்தால் ப்ராசஸரின் கேஷ் கொஞ்சம் கைகொடுக்கும். இருந்தாலும் நான்கு கோர் இயந்திரம் மூச்சு வாங்கும்.

இப்போது இண்டெக்ஸை டச், மாடல், எடை என்ற வரிசையில் ஒன்றாகப் போடுங்கள். சமமாக இருக்க வேண்டியவை முன்னால், முதல்-வரை என்று கேட்பது கடைசியில். டேட்டாபேஸ் நேராக 80 டச்சுக்குள் போய், அந்த மாடலுக்குள் போய், 95-இல் நின்று 105 வரை நடந்துவிட்டுத் திரும்பும். நாற்பது வரிசைதான் என்றால் நொடிக்கு 3.2 லட்சம் தொடுதல். முந்நூறில் ஒரு பங்கு. எச்2-வோ எஸ்கியூலைட்டோ, மெமரியோ தட்டோ, இந்த ஒரு மாற்றம் தருவதை அவை எதுவும் தராது. பட்டறையில் திருகாணியும் அரும்பும் சலங்கையும் ஒரே தட்டில் கொட்டிக் கிடந்தால் தேடுவதற்கும், தனித்தனி டப்பாவில் இருந்தால் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

மெமரி டேட்டாபேஸ் இந்த மாதிரிச் சோம்பலை மறைத்துவிடும் என்பதுதான் அதன் மேல் எனக்கு இருக்கும் பெரிய குறை. உங்கள் கணினியில் 500 வரிசை மாதிரித் தகவலை வைத்துச் சோதித்தபோது எல்லாம் பறந்திருக்கும். டேபிளை முழுக்கப் புரட்டினாலும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். தட்டு கரகரத்தால்கூட ஏதோ தப்பு என்று தெரியும். ரேம் சத்தம் போடாது. எனவே ஒவ்வொரு குவரிக்கும், அதை எப்படித் தேடப் போகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். எச்2-வில் டேபிள் ஸ்கேன் என்று வந்தால் இண்டெக்ஸைத் தொடவே இல்லை என்று அர்த்தம். எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் போட்டால் எத்தனை வரிசையைப் புரட்டியது என்ற எண்ணிக்கையும் சேர்ந்து வரும். எஸ்கியூலைட்டில் எக்ஸ்பிளெய்ன் குவரி பிளான் போட்டால் ஸ்கேன் அல்லது சர்ச் என்று ஒற்றைச் சொல்லில் தெரிந்துவிடும். பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையை ஓட்டும் முன் இதைப் பார்க்காதவர் சொல்லும் நொடிக்கு இத்தனை குவரி எண்ணை நான் காதில் வாங்குவதே இல்லை.

இன்னொன்று. விலை மாறியதும் 2 லட்சம் வரிசையையும் ஒரே அப்டேட்டில் மாற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். 2,000 பேர் படையெடுத்து வரும் அதே பத்து நொடியில், டேபிள் முழுவதையும் புதிதாக எழுதுகிறீர்கள். எச்2-வில் படிக்கிறவர்களுக்குப் பழைய பதிப்பு தெரியும்படி வைத்திருக்கும், அதனால் யாரும் தடைபட மாட்டார்கள். ஆனால் பழையதும் புதியதுமாக ஹீப் (ஜாவா தன் தகவலை வைக்கும் ரேம் பகுதி) வீங்கும், குப்பை அள்ளும் வேலை (வேண்டாததை ஜாவா ரேமிலிருந்து அகற்றுவது) அந்த நேரம் பார்த்துத்தான் தொடங்கும். எஸ்கியூலைட் மெமரி டேட்டாபேஸைப் பல கனெக்‌ஷனுக்குப் பொதுவாக்கும் ஷேர்டு கேஷ் முறையில் இதைச் செய்தால் நிலைமை மோசம்: அந்த டேபிளுக்கே பூட்டு விழும், படிக்க வருகிறவர்களுக்கு லாக்டு என்று பிழை போகும். பூட்டு விடும்வரை கொஞ்சம் காத்திருக்கச் சொல்ல வழக்கமாக வைக்கும் பிஸி டைம்-அவுட்டும் அங்கே உதவாது.

கடைக்காரர் பேப்பரில் எப்படிக் கணக்குப் போடுகிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? எடையை டச்சால் பெருக்கி நூறால் வகுத்து, அன்றைய கிராம் விலையால் பெருக்கி, கூலியைக் கூட்டுவார். அன்றைய விலை ஒரே ஒரு எண். சிலேட்டில் ஒரு மூலையில் எழுதியிருக்கும். அதை மட்டும் அழித்து எழுதுவார். நீங்களும் அதையே செய்யுங்கள். விலைக்கு ஒரு வரிசை, மற்றவை அசையாமல் இருக்கட்டும், குவரியில் பெருக்கிக்கொள்ளுங்கள். 2 லட்சம் எழுத்து ஒரு எழுத்தாகிவிடும். எடையை மில்லிகிராமாகவும் பணத்தைப் பைசாவாகவும் முழு எண்ணில் வையுங்கள். டெசிமல் வகை ஜாவாவில் முழு எண்ணைவிட அதிக ரேமைப் பிடிக்கும். எண்ணைத் தோராயமாக வைக்கும் டபுள் வகையில் வைத்தால் பைசா நழுவும், வெள்ளிக் கடைக்காரரிடம் பைசா நழுவினால் நீங்கள்தான் அகப்படுவீர்கள்.

இனி சோதனைக்கு வருகிறேன். பெரும்பாலான பெஞ்ச்மார்க் பொய் சொல்வது இந்த இடத்தில்தான். வழக்கமாக எழுதும் சோதனை நிரல் என்ன செய்கிறது? ஒரு குவரி அனுப்புகிறது, பதில் வரும்வரை நிற்கிறது, நேரத்தைக் குறிக்கிறது, அடுத்ததை அனுப்புகிறது. ஏற்காடு போகும் பஸ் எவ்வளவு நேரத்தில் போகிறது என்று கணக்கெடுக்க ஒரே ஆளை அனுப்புவது போல இது. அவர் அடிவாரத்தில் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவும் கடந்து, மேலே இறங்கி, நேரத்தைக் குறித்துவிட்டு, கீழே வந்து அடுத்த பஸ்ஸில் ஏறுகிறார். மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் ஒன்பதாவது வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டது, இரண்டு மணி நேரம் எதுவும் நகரவில்லை. அவர் நோட்டில் எத்தனை மோசமான பதிவு இருக்கும்? ஒன்று. மற்ற நாற்பது பயணமும் சுகமாக இருந்தது என்று சராசரி போடுவார். அந்த இரண்டு மணி நேரமும் அடிவாரத்தில் வந்து சேர்ந்துகொண்டே இருந்த கூட்டம் அவர் நோட்டில் கிடையாது.

கணக்காகவே பார்ப்போம். 10 மில்லிநொடிக்கு ஒரு குவரி, ஒரு நிமிடச் சோதனை. நடுவில் 6 நொடி டேட்டாபேஸ் உறைந்துபோனது. பதில் வரும்வரை நிற்கும் நிரல் 5,400 நல்ல பதிவும், 6 நொடி என்று ஒரே ஒரு கெட்ட பதிவும் காட்டும். நூற்றுக்கு 99.98 சதவீதம் ஒரு மில்லிநொடிக்குள் என்று பெருமையாக எழுதிக்கொள்ளலாம். உண்மையில் அந்த 6 நொடிக்குள் 600 பேர் வந்து நின்றிருப்பார்கள். 6,000 பேரில் 600 பேர், பத்தில் ஒருவர், காத்திருந்தார். அவர்களில் பாதிப் பேர் 3 நொடிக்கு மேல். இந்த ஏமாற்றத்தைக் கோஆர்டினேட்டட் ஒமிஷன் என்று பெயர் வைத்துப் பரப்பியவர் கில் டெனே. ஜாவா உலகத்தில் தாமதம் அளப்பது பற்றி அவர் பேசியதைத் தேடிக் கேளுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது எளிது. முந்தைய பதில் வந்ததா இல்லையா என்று பார்க்காமல், குறித்த நேரத்தில் குவரியை அனுப்புங்கள். நேரத்தை அனுப்பிய கணத்திலிருந்து அளக்காமல், அனுப்பியிருக்க வேண்டிய கணத்திலிருந்து அளங்கள். சராசரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, நூற்றில் 99-வது ஆளும் ஆயிரத்தில் 999-வது ஆளும் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று பாருங்கள்.

ஜாவாவில் அந்த உறைதல் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் குப்பை அள்ளுவதிலிருந்து. ஜாவா 9 முதல் தானாக வரும் ஜி1 என்ற முறை, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், ஒரு நிறுத்தம் 200 மில்லிநொடிக்குள் இருக்கப் பார்க்கும். 200 மில்லிநொடி என்றால் உங்கள் வேகத்தில் 1,600 குவரி கதவுக்கு வெளியே நிற்கும். மெமரி டேட்டாபேஸ் ஹீப்புக்குள்ளேயே குடியிருப்பதால், அது பெரிதாகப் பெரிதாக இந்தச் சுமை கூடும். ஜாவாவில் ஒரு வரிசை எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். தட்டில் 4 பைட் பிடிக்கும் ஒரு எண், பொருளாக வரும்போது தலைப்பு 12 பைட்டோடு சேர்ந்து 16 பைட் ஆகிறது. அதைக் காட்டும் சுட்டிக்கு இன்னும் 4. ஃபைல் அளவைப் பார்த்து ஹீப் அளவை முடிவு செய்யாமல், முழுத் தகவலையும் ஏற்றிவிட்டு அளந்து முடிவு செய்யுங்கள். உங்கள் 2 லட்சம் வரிசைக்கு இது பெரிய விஷயம் இல்லை. 2 கோடி ஆகும்போது இதுதான் முதல் விஷயம். அப்போது ஜாவா 15-இல் பயன்பாட்டுக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்ட இசட்ஜிசி என்ற குப்பை அள்ளும் முறையைப் பாருங்கள், அல்லது டேட்டாவை ஹீப்புக்கு வெளியே வைக்கும் எஸ்கியூலைட் போன்றதற்குப் போங்கள்.

சோதனை ஓட்டும் இடம் பற்றியும் ஒரு வார்த்தை. குவரி அனுப்பும் நிரலையும் டேட்டாபேஸையும் ஒரே லேப்டாப்பில் ஓட்டினால் இரண்டும் கோருக்கு அடித்துக்கொள்ளும். முதல் சில நிமிடப் பதிவுகளை எறிந்துவிடுங்கள். ஜாவா தன் நிரலைச் சூடாக்கிக்கொள்ளும் நேரம் அது. அப்புறம் நம் ஊர் வெயில். சித்திரை மாதம் மொட்டை மாடி அறையில் மதியம் 2 மணிக்கு லேப்டாப்பில் சோதித்துவிட்டு, எச்2 மெதுவாக இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் வந்தார். ராத்திரி ஓட்டச் சொன்னேன், வேகமாகிவிட்டது. சூடு தாங்காமல் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே ஒரே சோதனையைக் குறைந்தது ஐந்து தடவை, வேறு வேறு நேரத்தில் ஓட்டுங்கள்.

எல்லா மாடலையும் சமமாகக் கேட்கும்படி குலுக்கல் முறையில் குவரி உருவாக்காதீர்கள். கொலுசு வியாபாரத்தில் பத்து மாடல்தான் பாதி விற்பனை. கடையின் பழைய ஒரு வாரப் பதிவிலிருந்து உண்மையான குவரிகளை எடுத்து, அதே வரிசையில், அதே நெரிசலில் திரும்ப ஓட்டுங்கள். முதலில் நொடிக்கு 2,000, பிறகு 4,000, 8,000, 16,000 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஏதோ ஓர் இடத்தில் 99-வது ஆளின் காத்திருப்பு திடீரென்று குதிக்கும். நீங்கள் தேடுவது அந்த இடத்தைத்தான். 8,000-க்கும் அதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவுதான் உங்கள் தைரியம். இண்டெக்ஸ் சரியாக இருந்து ஒரு குவரி 50 மைக்ரோநொடியில் முடிந்தால், 8,000 குவரிக்கும் சேர்த்து நொடிக்கு 0.4 நொடி வேலை. ஒரு கோரில் பாதிகூட இல்லை. தாங்கும் என்று ஆரம்பத்தில் சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

குவரியை ஸ்ட்ரிங்காக ஒட்டி அனுப்பாமல் கேள்விக்குறி வைத்து ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டாக அனுப்புங்கள். வேலை இவ்வளவு சின்னதாக இருக்கும்போது, எஸ்கியூஎல் வாக்கியத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் நேரம் தேடும் நேரத்தையே மிஞ்சிவிடும். பாதுகாப்புக்கும் அதுதான் வழி என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு மண்டிக்கு விலைப் பட்டியலை எச்2 மெமரியில் வைத்துக் கொடுத்தேன். பகலெல்லாம் பிரமாதம். விடியற்காலை நாலரைக்கு மண்டியிலிருந்து போன்: எதுவுமே வரவில்லை. பதிவைப் பார்த்தால் டேபிள் காணவில்லை, டேட்டாபேஸ் காலியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. யாரும் எதையும் அழிக்கவில்லை. கனெக்‌ஷன் பூலில் (திறந்தே வைத்துப் பகிர்ந்துகொள்ளும் தொகுப்பில்) சும்மா இருக்கும் கனெக்‌ஷன்களை மூடலாம், குறைந்தபட்சம் பூஜ்யம் போதும் என்று நானே சிக்கனம் பார்த்து வைத்திருந்தேன். ராத்திரி யாரும் கேட்கவில்லை. பூல் ஒவ்வொன்றாக மூடியது. கடைசிக் கனெக்‌ஷன் மூடியதும் எச்2 தன் வழக்கப்படி மெமரி டேட்டாபேஸைக் கலைத்துவிட்டது. டிபி குளோஸ் டிலே என்ற அமைப்பை மைனஸ் ஒன்று என்று வைத்திருந்தால் அது கலைந்திருக்காது. ஆவணத்திலேயே இருக்கும் விஷயம். தப்பு முழுக்க என்னுடையது. அன்று காலை மண்டியில் துண்டுச் சீட்டில் விலை எழுதி ஓட்டினார்கள், எனக்குத் தக்காளி விலை மட்டும் இன்றும் மனப்பாடம்.

எஸ்கியூலைட்டில் இதே குழி வேறு வடிவத்தில் இருக்கிறது. மெமரி என்று திறக்கும் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனித்தனி டேட்டாபேஸ். பத்துக் கனெக்‌ஷன் பூல் வைத்து, ஒன்றில் தகவலை ஏற்றினால், மற்ற ஒன்பதுக்கும் காலிப் பாத்திரம்தான். பத்தில் ஒரு கோரிக்கைக்கு மட்டும் பதில் வரும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் தலை நரைத்துவிடும்.

இப்போது மின்சாரம். உங்கள் நிரலில் விலைப் பட்டியலோடு ஆர்டர் டேபிளும் அதே மெமரி டேட்டாபேஸில் இருக்கிறது. கடைக்காரர் போனில் ஆர்டர் பதிவானது என்று வந்துவிட்டது. அடுத்த நொடி கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி செத்துப்போனது யாருக்கும் தெரியாது. அந்த ஆர்டர் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. கமிட்டில் காத்திருக்கும் நேரம் எதற்கு என்று மேலே விட்டுவைத்தேனே, அது இதற்குத்தான். மறுபடி உருவாக்க முடிந்த தகவல் மட்டும் மெமரியில் இருக்கலாம். மாடல் பட்டியல் தொலைந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். மூன்று கிலோ கொலுசு ஆர்டர் தொலைந்தால் வியாபாரியின் முகத்தைப் பார்க்க முடியாது. ஆர்டரைத் தட்டில் வையுங்கள். எஸ்கியூலைட் ஃபைல் போதும், 2010 முதல் இருக்கும் வால் மோடில். மாற்றத்தை முதலில் தனிப் பதிவேட்டில் குறித்துவிட்டு, பிறகு மெயின் ஃபைலில் சேர்க்கும் முறை அது. எழுதுகிறவர் ஒருவர்தான், ஆனால் படிக்கிறவர்களை அவர் நிறுத்துவதில்லை. அதில், தட்டில் பதியும்வரை எவ்வளவு காத்திருப்பது என்று சொல்லும் சிங்க்ரனஸ் அமைப்பை நார்மல் என்று வைத்தால் ஃபைல் கெடாது, ஆனால் கரண்ட் போகும்போது கடைசிக் கமிட்டுகள் போய்விடலாம். ஆர்டருக்கு ஃபுல் என்றே வையுங்கள். நொடிக்கு நாலு ஆர்டர் வரும் இடத்தில் வேகத்தைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

எதைத் தேர்ந்தெடுப்பது என்றால், எச்2, எஸ்கியூலைட் இரண்டுமே நல்ல வம்சம். எச்2-வை எழுதிய தாமஸ் முல்லர்தான் அதற்கு முந்தைய ஹைப்பர்சோனிக் எஸ்கியூஎல்லையும் எழுதியவர். பெயரில் இருக்கும் எச்சும் இரண்டும் அதிலிருந்து வந்தவை. எஸ்கியூலைட்டை ரிச்சர்ட் ஹிப் 2000-இல் தொடங்கினார். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில், டேட்டாபேஸ் சர்வர் நின்றால் செயலியும் நிற்கிற கொடுமையைப் பார்த்து, சர்வரே இல்லாமல் செய்தால் என்ன என்று யோசித்ததன் விளைவு. நீங்கள் முழுக்க ஜாவாவில் இருப்பதால் விலைப் பட்டியலுக்கு எச்2 வசதி. வேறு மொழிக்கு நாளை மாறும் எண்ணம் இருந்தால் எஸ்கியூலைட். டக்டிபி என்ற இன்னொரு டேட்டாபேஸ் வேகம் என்று யாராவது சொன்னால், அது எந்த வேலைக்கு என்று கேளுங்கள். ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வகத்தில் பிறந்த அது தகவலைப் பத்தி பத்தியாக வைத்துக் கொத்துக் கொத்தாகக் கணக்குப் போடும். மூன்று வருட விற்பனையை மாடல் வாரியாகக் கூட்டிக் காட்ட அதைவிட நல்லது கிடைக்காது; ஒரு மாடலின் ஒரு விலையை நொடிக்கு 8,000 தடவை எடுக்க அதைச் செய்யவில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது, யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அதில் பேசிக்காட்ட எதுவும் இல்லை. உங்கள் கடைக்காரர்கள் கேட்பது மூன்று விதக் கேள்விதான் என்றால் டேட்டாபேஸே வேண்டாம். டச்சும் மாடலும் சேர்ந்த சாவிக்கு, எடை வாரியாக அடுக்கிய ஒரு பட்டியல்; ஜாவா மேப் ஒன்று. தகவல் மாறினால் பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டி, சுட்டியை மட்டும் மாற்றிவிடுங்கள். பூட்டு இல்லை, பூல் இல்லை. நாளைக்கு நான்காவது, ஐந்தாவது விதமாகக் கேட்கத் தொடங்குவார்கள் என்று தெரிந்தால் மட்டும் எஸ்கியூஎல் வையுங்கள். உங்கள் கடைக்காரரைப் பார்த்தால் கேட்பார் என்றுதான் தோன்றுகிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை: ஆர்டர் டேபிளை இன்றே மெமரியிலிருந்து வெளியே எடுங்கள், விலையை ஒரே வரிசையாக்குங்கள், இண்டெக்ஸை மாற்றுங்கள். அதன் பிறகு நெரிசல் சோதனை. அது முடிந்ததும் கடைசியாக ஒன்று: 8,000 ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதனைக் கணினியின் ப்ளக்கைப் பிடுங்குங்கள். மறுபடி போட்டு, 2 லட்சம் வரிசையும் ஏறி முதல் கடைக்காரருக்குச் சரியான விலை போகும்வரை எத்தனை நொடி ஆகிறது, போனில் பதிவானது என்று சொன்ன ஆர்டர்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றன, இந்த இரண்டு எண்களையும் குறித்து எனக்கு அனுப்புங்கள். நொடிக்கு எத்தனை குவரி என்பதை அதற்கப்புறம் பேசலாம்.